உள்ளுக்குக் கூப்பிட்ட குரல்

பதினொரு நகரங்களில் கிருபானந்தனின் குரல் கேட்கிறது. டுபாய், லிஸ்பன், மெக்சிக்கோ, சிங்கப்பூர் என்று அந்த வரிசை நீளும். வருகிற மாதம் ஜகார்த்தாவும் சேர்கிறது. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் அது கேட்பதில்லை. 2024 ஏப்ரலில், புற்றுநோய் என்று அவருடைய குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கழுத்தடியில் ஒரு துளை; அதன் மேல் வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. சட்டைப் பையில் சின்ன எழுது பலகையும் கறுப்புப் பேனையும் வைத்திருக்கிறார். யாராவது வந்தால் முதலில் எழுதிக் காட்டுவது, 'இருங்கோ. தேத்தண்ணி போடுறன்.'

அந்தக் குரலுக்குச் சொந்தம் கொண்டாடுவது ஃபூர்னேஸ். பழைய பாண் தொழிற்சாலை ஒன்றுக்குள் தொடங்கிய நடன கிளப் அது. பிரெஞ்சில் பெயருக்கு உலை என்று பொருள். அங்கே தளம் கூட்டவும் கிளாஸ் கழுவவும் போன தமிழ் ஆட்கள் முதல் கிழமையிலேயே அதைப் பாண் சுடுகிற போறணை ஆக்கிவிட்டார்கள். "எங்கை வேலை?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டால், "போறணையிலை" என்பார்கள். பாண் போடுகிறார்களாக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. யாரும் திருத்தவில்லை.

கிருபானந்தன் 1999இல் கூட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற கடையில் இளந்தாரியாக நின்றவர் என்பதால், ஒருநாள் அறுந்துபோன வயர் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். அதிலிருந்து ஸ்பீக்கர் பார்க்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. பின்னேரம் போய், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு, கூட்டம் வருமுன் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்த கிளப்பில் அவர் ஒருநாளும் ஆட்டம் பார்த்ததில்லை. "பார்க்கிறதுக்கு அங்கை என்ன கிடக்கு? இருட்டு" என்பாராம்.

கிளப்பைத் தொடங்கியவர் எட்டியென் என்ற கியூபெக்காரர். டிஜே. 2005 ஒக்ரோபரில் ஒரு பின்னேரம், புதிதாகப் பூட்டிய ஸ்பீக்கர்களில் மனுசக் குரல் எப்படி எழும்பும் என்று பார்க்க விரும்பினார். வெறும் தளத்தின் நடுவில் கிருபானந்தனை நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்து, "கதை. உன்ரை பாஷையிலை கதை. நிப்பாட்டாதை" என்றார்.

மைக் கையில் வந்தால் ஒரு யாழ்ப்பாணத்தான் என்ன சொல்வான்? "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்டு, ரெண்டு, மூண்டு." அது முடிந்ததும் அவருக்கு வேறு ஒன்றும் வரவில்லை. எட்டியென் கையை ஆட்டி ஆட்டி இன்னும், இன்னும் என்கிறார். அப்போது அவருக்கு மொன்றியல் தமிழ்க் கல்யாண மண்டபங்கள் ஞாபகம் வந்தன. மாப்பிள்ளை பொம்பிளை மேடையில் இருப்பார்கள். ஆம்பிளையள் பாதிப் பேர் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று அரசியல் கதைப்பார்கள். அவர்களை உள்ளே இழுக்க ஒரே வழி மைக்கில் சாப்பாட்டைச் சொல்வதுதான். கிருபானந்தன் சொன்னார்: "வெளியிலை நிக்கிற ஆக்கள் எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ. சாப்பாடு தொடங்கப்போகுது."

எட்டியென் அதிலிருந்து இரண்டு சொல்லை வெட்டி எடுத்தார். 'உள்ளுக்கு வாங்கோ.' ஒவ்வொரு இரவும் முதல் பாட்டுக்கு முன்னால், எல்லா விளக்கும் அணைந்த பிறகு, அந்த இரண்டு சொல் மட்டும் ஸ்பீக்கர்களிலிருந்து எழும்பும். அதற்குப் பிறகுதான் தாளம். சில வருடங்களில் கூட்டமே அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியது. பிறகு ரீ-சேர்ட் சட்டைகளில் ஆங்கில எழுத்தில் வந்தது. 2016இல் எட்டியென் கிளப்பை ஒரு லண்டன் கம்பனிக்கு விற்றார். கம்பனி அதை நகரம் நகரமாகத் திறந்தது. எங்கே திறந்தாலும் ஒரே சிவப்புச் சுவர், ஒரே சுடுகிற மணம், ஒரே குரல்.

கம்பனியின் இணையத்தளத்தில் அந்தக் குரலுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. தென்னிந்தியச் சந்தை ஒன்றில் கிடைத்த பெயரில்லாத கசெட். கோயில் வாசலில் நின்று ஆத்மாக்களை உள்ளே அழைக்கும் பூசாரி. மகள் தாட்சாயினி இதை வாசித்துத் தமிழில் சொன்னபோது கிருபானந்தன் பலகையில் எழுதினார்: 'நான் சோத்துக்குத்தான் கூப்பிட்டனான்.'

குரல் போகுமுன் இதெல்லாம் அவருக்கு வெகுநாள் ஒரு பகிடியாகத்தான் இருந்தது. கூட்டாளி யோகராசா, டாக்ஸி ஓடுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வம்புக்கு இழுப்பார். "மச்சான், உன்ரை குரல் டுபாய் போகுது, சிங்கப்பூர் போகுது. நீ இன்னும் பக்கத்திலை இருக்கிற லசால் தாண்டேல்லை."

"அதுக்கு விசா தேவையில்லையடா" என்பார் கிருபானந்தன்.

குரல் கரகரக்கத் தொடங்கியது 2022இல். முதலில் குளிர் என்றார்கள். பிறகு அமிலம் என்றார்கள். கண்டுபிடித்தபோது கதிர்ச் சிகிச்சைக்கு அடங்குகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. கதிரும் கொடுத்தார்கள், கத்தியும் வைத்தார்கள். கழுத்துத் தசை பலகைபோல இறுகிவிட்டதால், கழுத்தில் வைத்து அதிர வைத்துப் பேசுகிற கருவியும் அவருக்குச் சரிவரவில்லை.

எழுதிக் காட்டலாம். ஆனால் யாருக்கு எழுத வேண்டுமோ அவருக்கு வாசிக்க முடியாது. மனைவி ஜெகதீஸ்வரிக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய் நான்கு வருடமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான்.

பார்வை போன பிறகு அந்த வீட்டை நடத்தியது கிருபானந்தனின் வாய்தான். அவர் எப்போதுமே நிறையக் கதைக்கிற மனுசன். கண் போன மனைவிக்காக இன்னும் கூடக் கதைத்தார். தொலைக்காட்சியில் யார் அழுகிறார்கள், கீழே யாருடைய காரைப் பனியிலிருந்து தோண்டுகிறார்கள், கலியாண வீட்டில் எந்தச் சீலைக்கு எந்தச் சட்டை பொருந்தவில்லை. ஜெகதீஸ்வரி அதைக் கேட்டுச் சிரிப்பார், திருத்துவார், "பொய் சொல்லாதைங்கோ, அவ உந்த நிறம் உடுக்கமாட்டா" என்று சண்டை பிடிப்பார். ஏப்ரலுக்குப் பிறகு இது எல்லாம் நின்றது. இப்போது கையில் தட்டுவதுதான் மொழி. ஒருதரம் தட்டினால் ஓம். இரண்டுதரம் தட்டினால் இல்லை. கேள்வி எல்லாம் ஜெகதீஸ்வரிதான் கேட்கவேண்டும். கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு கருவியை இரவலாகத் தந்தார். கைப்பேசி அளவு. எழுதினால் அது வாசிக்கும், தமிழும் வாசிக்கும். கிருபானந்தன் முதல்நாளே உற்சாகமாக, 'தேத்தண்ணி குடிக்கிறியே' என்று அடித்தார். செய்தி வாசிக்கிற ஒரு ஆண் குரல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, கேள்வியா கட்டளையா என்று தெரியாதபடி அதைச் சொன்னது. ஜெகதீஸ்வரி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"ஆர் அது? ஆர் வந்திருக்கினம்?"

தாட்சாயினி விளக்கினார். "அம்மா, அப்பாதான். மெஷின் அப்பாக்காகக் கதைக்குது."

"அது அப்பா இல்லை. ஸ்டேஷனிலை கோச்சி லேற் எண்டு சொல்லுற ஆள்." தாட்சாயினி சிரித்தார். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. "பகிடி இல்லைப் பிள்ளை. கண் தெரியாதவளுக்குப் பக்கத்திலை பிற ஆம்பிளை ஒருத்தன் நிண்டு கதைச்சா எப்பிடி இருக்கும் எண்டு நினை. உந்த ஆளை நிப்பாட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு கருவி பேசினால் அவர் பதில் சொல்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிருபானந்தன் சில நாள் விடாமல் முயன்றார். பிறகு அதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

தாட்சாயினி திரும்பவும் பயிற்சியாளரிடம் போனார். அவர் ஒரு வழி சொன்னார். நோய்க்கு முந்திய அவருடைய சொந்தக் குரல் துப்புரவான ஒலிப்பதிவாக அரை மணி நேரம் அளவில் கிடைத்தால், கருவிக்கு அந்தக் குரலையே பழக்கலாம். பிறகு அவர் எழுதுவதை அவருடைய குரலே சொல்லும். "வீட்டில் வீடியோ இருக்கும்தானே? எல்லாரிடமும் இருக்கும்" என்றார் பயிற்சியாளர்.

வீட்டில் வீடியோ இல்லாமலா? கிருபானந்தன் வார இறுதிகளில் வீடியோக்காரர். மொன்றியலில் ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடும் கலியாணமும் அவருடைய கமெராவுக்குள்ளால் போனவை. நிலவறை அலுமாரியில் பெட்டி பெட்டியாக வீடியோக் கொப்பிகள் கிடந்தன. தாட்சாயினி பியர்பொன்ட்ஸில் உள்ள தன் வீட்டுக்கு அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கசெட் போடுகிற கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் பாட்டு.

எங்கள் வீட்டு வீடியோக்கள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பொம்பிளை படியால் இறங்கினால் ஒரு பாட்டு. ஆலாத்தி எடுத்தால் ஒரு பாட்டு. தாலி கட்டும்போது கெட்டிமேளம். அதுவும் வேறொரு நல்ல கசெட்டிலிருந்து எடுத்து ஒட்டியது. ஆட்கள் வாய் அசையும், சிரிப்பார்கள், அழுவார்கள், ஒரு சத்தமும் வராது. மண்டபத்துச் சத்தம் என்றால் எங்களுக்கு இரைச்சல். அதை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடத் தெரிந்தவன்தான் நல்ல வீடியோக்காரன். கிருபானந்தன் மிக நல்ல வீடியோக்காரர். "கிருபா அண்ணையின்ரை கொப்பியிலை ஒரு இருமல்கூடக் கேளாது" என்பது அவருக்கு ஊர் கொடுத்த சான்றிதழ். வெட்டி ஒட்டாத மூலக் கசெட்டுகளின் மேல் அடுத்த கலியாணத்தை எடுத்துவிடுவார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

தாட்சாயினியின் சாமத்தியவீட்டுக் கொப்பியில் ஒரு இடம் வருகிறது. யாரோ கமெராவை வாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கிருபானந்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் மைக்குடன் நிற்கிறார். நீண்ட நேரம் பேசுகிறார். கையை விரிக்கிறார், சபை சிரிக்கிறது, ஜெகதீஸ்வரி வெட்கப்பட்டு முகத்தை மூடுகிறார். அவ்வளவுக்கும் மேலாக ஒரு காதல் பாட்டு ஓடுகிறது.

தாட்சாயினி மடிகணினியைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தார். "அப்பா, இதிலை என்ன சொல்லுறீங்கள்?"

அவர் எழுதினார்: 'மறந்துபோச்சு.'

"ஏன் அப்பா சத்தத்தை எடுத்தனீங்கள்? இது எங்கடை வீட்டு வீடியோ. ஆரும் காசு தந்து செய்யச் சொன்ன வேலை இல்லையே."

அவர் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்: 'பாட்டு இல்லாட்டி வடிவில்லை எண்டு நினைச்சன்.'

கைப்பேசியில் அவர் அனுப்பிய குரற்செய்திகள் சிலது இருந்தன. எல்லாம் 2022க்குப் பிந்தியவை, எல்லாம் கரகரப்பு. பயிற்சியாளர் கேட்டுப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். இவற்றை வைத்துப் பழக்கினால் நோயின் குரல்தான் வரும்.

போறணையை ஞாபகப்படுத்தியவர் யோகராசாதான். "விசரரே, உலகம் முழுக்கக் கேக்குதே ஒரு குரல். அண்டைக்கு அந்தப் பிரெஞ்சுக்காரன் உன்னைக் கதை கதை எண்டு கனநேரம் கதைக்க விட்டவன் எண்டு நீதானே சொன்னனி? ரெண்டு சொல்லுத்தானே வெட்டினவன். மிச்சம் எங்கை?"

கம்பனியின் மொன்றியல் அலுவலகம் பழைய துறைமுகப் பக்கம். கண்ணாடிக் கதவு, சிவப்புச் சுவர். தாட்சாயினி தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனார். பிராண்டுக்குப் பொறுப்பான பெண் ஒருவர் வந்து இருந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான, கனிவான பெண். தாட்சாயினி பிரெஞ்சில் முழுவதையும் சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்து, தயங்கி, "இப்படிச் சொல்லிக்கொண்டு பலர் எங்களிடம் வருகிறார்கள்" என்றார். "குறை நினைக்கவேண்டாம். உங்கள் அப்பா அந்த இரண்டு சொல்லையும் ஒருதரம் சொல்லிக் காட்ட முடியுமா?"

கிருபானந்தன் கழுத்துத் துணியைத் தொட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுவரின் நிறத்துக்குப் போனது. மன்னிப்புக் கேட்டார். பிறகும் கேட்டார். பழைய ஒலிப்பதிவுகள் எல்லாம் லண்டனில் இருப்பதாகவும், தொடங்கியவர் உறுதிப்படுத்தினால் தானே எழுதிக் கேட்பதாகவும் சொன்னார்.

எட்டியென் இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், படகுகள் கடக்கிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தலைமயிர் கொட்டிவிட்டது. கதவைத் திறந்ததும் கிருபானந்தனைக் கட்டிப்பிடித்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். "சொல்லவில்லையே நீ" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று அவருக்கே புரிந்தது.

அவருக்கு அந்தப் பின்னேரம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒலிப்பதிவு ரேப் முழுவதும் ஓடிமுடியும் வரை பதிந்தவர். ஒரு சத்தமும் இல்லாத தளம், நல்ல மைக், பக்கத்தில் எடுத்த குரல். அதைவிடத் துப்புரவாக ஒரு குரலைப் பதியமுடியாது. "நீ ஏதோ ஒரு கதை சொன்னாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நீ சிரிக்கச் சிரிக்க நானும் சிரித்தேன். வயிறு நொந்தது. என்ன கதை அது?"

கிருபானந்தன் பலகையில் எழுதியதை மகள் மொழிபெயர்த்தார். வந்த புதிதில் ஜெகதீஸ்வரி தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் போய் வாழைப்பழத்துக்கு விலை பேசிய கதை. கடைக்காரன் ஆங்கிலம் தெரியாதவன், இவர் பிரெஞ்சு தெரியாதவர். இரண்டு பேரும் விரலைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசி, கடைசியில் அவன் பழத்தைச் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டான்.

"ரேப்பை வைத்திருக்கிறீங்களா?" என்றார் தாட்சாயினி.

எட்டியென் சன்னலைப் பார்த்தார். "எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், மகளே. பெயரை, சுவரின் நிறத்தை, ரேப்புகளை. கதவுப் பிடிகூட அவர்களுடையது." பிறகு எழும்பிப்போய் லண்டனுக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்தக் குரல் கிருபானந்தனுடையது, நான்தான் பதிந்தேன், அவருக்கு அது வேண்டும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் கிருபானந்தன் எழுதிக்கொண்டே வந்தார். அவர் இவ்வளவு எழுதி மகள் கண்டதில்லை. கருவி கிடைத்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறார். அழித்து அழித்து எழுதிக் கடைசியில் காட்டியது: 'இஞ்சேர், நான்தான்.'

அன்றிரவே ஜெகதீஸ்வரிக்கும் விசயம் தெரிந்துவிட்டது. "மெய்யே? அவரின்ரை சொந்தக் குரலே வரும்?" என்று மகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கணவனின் பக்கம் திரும்பி, "வரட்டும் வரட்டும். கேக்க எனக்கு ஒரு மூட்டை கேள்வி கிடக்கு" என்று சிரித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பதில் செப்டெம்பரில் வந்தது. திரையில் லண்டன் சட்டத்தரணி ஒருவர். இன்னொரு கட்டத்தில் மொன்றியல் பெண். சட்டத்தரணி ஒளிக்கவில்லை. ரேப் இருக்கிறது. குரல் துப்புரவாக இருக்கிறது. அவ்வளவு துப்புரவாக இருப்பதால் சென்ற வருடம் கம்பனி அதை வைத்துச் செயற்கைக் குரல் ஒன்றைச் செய்வித்துவிட்டது. இனி ஒவ்வொரு நகரத்திலும் அந்தக் குரல் அந்தந்த ஊர் மொழியில் வரவேற்கும். லிஸ்பனில் தொடங்கியாயிற்று. செய்து கொடுத்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உண்டு: அந்தக் குரலுக்கு இரண்டாவது நகல் உலகத்தில் எங்கும் இருக்கக்கூடாது. வேலை நேரத்தில் கிளப்புக்குள் பதிந்தது என்பதால் ரேப் கம்பனியுடையது.

"அவர் விக்கப்போறேல்லை" என்றார் தாட்சாயினி. ஆங்கிலத்தில் தொடங்கியவர் கோபத்தில் தமிழுக்கு வந்து, திரும்பவும் ஆங்கிலத்துக்குப் போனார். "வீட்டில் மனைவியுடன் கதைக்கத்தான் கேட்கிறார். ஒரு வீடு. ஒரு மனிசி."

"எனக்கு விளங்குகிறது" என்றார் சட்டத்தரணி. "உண்மையாகவே விளங்குகிறது. ஆனால் அந்தக் குரல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கருவியில் எதையும் சொல்லலாம் என்றாகிவிடும்."

கிருபானந்தன் பலகையைக் கமெராவுக்கு முன் பிடித்தார். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். ரேப்பை ஒருதரம் கேட்கவாவது விடுவீர்களா என்ற கேள்வி. சட்டத்தரணி அதை வாசித்துவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றார். மொன்றியல் பெண்ணின் கட்டம் கறுப்பானது, கமெராவை அணைத்துவிட்டார். கூட்டம் முடியுமுன் ஒரு நற்செய்தி இருப்பதாகச் சட்டத்தரணி சொன்னார். கிருபானந்தனின் பங்களிப்பை மதித்து, எல்லாக் கிளைகளுக்கும் ஆயுள்கால இலவச நுழைவு அட்டை ஒன்று. அது சிவப்புப் பெட்டியில், ஒரு ரீ-சேர்ட்டோடு, அடுத்த கிழமை தபாலில் வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றதற்குப் பதில் இந்த நவம்பர் வரை வரவில்லை.

யோகராசா வழக்குப் போடச் சொன்னார். தெரிந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிக்கொண்டும் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போடலாம், வெல்லவும் கூடும், ஆனால் வருடக்கணக்கில் போகும் என்றார். பிறகு தாட்சாயினியைத் தனியாக அழைத்து, அப்பாவின் கடைசி ஸ்கான் எப்படி என்று கேட்டார். நுரையீரலில் ஏதோ தெரிகிறது என்று அதற்கு முந்திய கிழமைதான் சொல்லியிருந்தார்கள். யோகராசா அன்றைக்கு டாக்ஸியில் ஒரு பகிடியும் விடவில்லை.

ஜெகதீஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தார். எப்ப வரும், எப்ப வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், மகள் உண்மையைச் சொல்லிவிட்டார். வராது. குரல் இருக்கு, ஆனா தரமாட்டினம்.

"இருக்கோ? எங்கை இருக்கு?"

"லிஸ்பனிலை. போர்த்துக்கேயத்திலை கதைக்குது."

"போடு பாப்பம்."

தாட்சாயினி தகப்பனைப் பார்த்தார். கிருபானந்தன் சமையலறை வாசலில் சோற்றுக் கோப்பையோடு நின்றார். வேண்டாம் என்றும் காட்டவில்லை, ஓம் என்றும் காட்டவில்லை. மகள் கைப்பேசியில் கிளப்பின் பக்கத்தைத் திறந்து, தாயின் மடியில் வைத்தார்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல். பிறகு அது அடங்கியது. பிறகு கிருபானந்தன் பேசினார். கரகரப்பு இல்லாத, நாற்பது வயதுக் கிருபானந்தன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வசனத்தின் முடிவைத் தூக்குகிற விதம் அவருடையது. நடுவில் வந்த சின்னச் சிரிப்பு அவருடையது. ஜெகதீஸ்வரியின் கை வாய்க்குப் போனது.

"ஐயோ" என்றார். "இது அவர். இது அவரெல்லே."

குரல் முடிந்தது. கைப்பேசி தானாகவே அடுத்ததற்குப் போனது, மெக்சிக்கோ. அதே குரல், ஸ்பானிய மொழியில். ஜெகதீஸ்வரி கைப்பேசியை இரண்டு கையாலும் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். அது இடைவெளி விட்ட இடத்தில், "ம்" என்றார். இன்னொரு இடைவெளியில், "ஓமோம்" என்றார். கதைக்கிற ஆளுக்கு ம் கொட்டுகிற மாதிரி.

கிருபானந்தன் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்து, மனைவிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கைப்பேசியைப் பிடித்திருந்த அவருடைய ஒரு கையை எடுத்து, ஒருதரம் தட்டினார்.

ஜெகதீஸ்வரி கையை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார். "அவர் கதைக்கிறார்."

தாட்சாயினி கைப்பேசியைப் பறித்து அணைத்தார். கிருபானந்தன் நிலத்திலேயே இருந்தார். அன்று மத்தியானம் மூன்று பேரும் சாப்பிடவில்லை.

இரவல் கருவியின் தவணை முடிகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்து, நிரந்தரமான ஒன்றை வாங்கவேண்டும். அதில் தமிழுக்கு இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று ஆண், ஒன்று பெண். எது வேண்டும் என்று அவர் அங்கே சொல்லவேண்டும்.